கீழே ஒரு செல்லோ

போனைக் கொடுத்திருக்கக் கூடாது. மோதிரம், சங்கிலி, வாட்ச், பெல்ட், எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தது சரி. உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது, இரும்பு எது இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் என்று என் கழுத்தை ஸ்கேன் எடுக்கிற பெண் சொன்னாள். நஸ்ரின் என்று அட்டையில் பெயர் மாட்டியிருந்தாள். பல் கட்டியிருக்கிறீர்களா, இதயத்தில் கருவி ஏதாவது வைத்திருக்கிறீர்களா, உடம்புக்குள் எங்கேயாவது குண்டு பாய்ந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு இல்லையம்மா, முதுகில் குத்துத்தான் நிறைய வாங்கியிருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. போனை மட்டும் அவளிடமே கொடுத்து டிராயரில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கலாம். ஜெபசிங் கையை நீட்டினான், நானும் கொடுத்துவிட்டேன். பழக்கதோஷம். என்னிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் கையை நீட்டுவதும் நான் எதையாவது கொடுப்பதுமாகவே போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வாங்கிய வேகம் சரியில்லை. மோதிரத்தைக் கொடுத்தபோது சாவகாசமாக வாங்கிப் பையில் போட்டவன், போனை நான் நீட்டுவதற்கு முன்னாலேயே பிடுங்காத குறையாக வாங்கினான். "நான் பாத்துக்கிடுதேன்ணே, நீங்க நிம்மதியா படுங்க." நிம்மதியா படுங்க! செத்தவனிடம் சொல்வது மாதிரி. அந்தப் போனைத் திறக்கிற எண் அவனுக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அதில்தான் நான் முணுமுணுத்துப் பதிவு செய்கிற மெட்டெல்லாம் இருக்கின்றன. அதற்குள் அவள் என்னைப் பலகையில் படுக்கவைத்துவிட்டாள். தலைக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி, காதில் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் ஹெட்போனையும் மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து, பயமாக இருந்தால் அமுக்குங்கள், அரை மணி நேரம் ஆடக் கூடாது, எச்சில் முழுங்குவதைக்கூடக் கொஞ்சம் பார்த்து முழுங்குங்கள் என்று சொல்லி, பலகையைக் குழாய்க்குள் நகர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

ஆரம்பித்துவிட்டது. டக டக டக டக என்று மண்டைக்கு வெளியே யாரோ ஆணி அடிக்கிறார்கள். பஞ்சு, ஹெட்போன் எதுவும் செல்லாது. கரூரில் அப்பா வேலை பார்த்த பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இதே சத்தம்தான். வெறும் எலும்புக்கூடாக வந்து நிற்கிற வண்டிக்குத் தகரம் போர்த்தி ரிவெட் அடிப்பார்கள். நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து அடிப்பார்கள், கொஞ்ச நேரம் எக்குத்தப்பாக இருக்கும், பிறகு தானாக ஒரு தாளத்துக்கு வந்து சேரும், நான் வாசலில் நின்று அது எப்போது சேரும் என்று காத்திருப்பேன். சேர்ந்ததும் எனக்குப் புல்லரிக்கும். அந்தச் சத்தத்தில் காது போய்விட்ட அப்பா வீட்டில் கத்திப் பேசுவார். பத்திரிகைக்காரர்கள் உங்களுக்கு இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது பஸ் பாடியிலிருந்து என்று சொன்னேன், ஒருத்தரும் போடவில்லை. கோயில் மணி என்று சொன்னேன், போட்டார்கள். இந்தச் சத்தம் இப்போது நின்று வேறு ஒன்று வருகிறது, ட்ர்ர்ர் ட்ர்ர்ர் என்று, கீழ் ஸ்தாயியில், நீளமாக. இது நல்ல சத்தம். செல்லோ மாதிரி இருக்கிறது, அடித்தொண்டையில் பேசுகிற பெரிய வயலின். இதற்கு மேல் ஒரு மனுஷன் நடந்து வந்தால் போதும், தியேட்டரில் அத்தனை பேரும் அவன்தான் கொலைகாரன் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

என் பிழைப்பே அதுதான். பாட்டு எனக்குப் பெரிதாக வராது, வந்த ஒன்றிரண்டும் கல்யாண மண்டபங்களோடு போயிற்று. பின்னணி இசைக்குத்தான் பரஞ்சோதி. பேய்ப் படமா, கொலைப் படமா, கூப்பிடு பரஞ்சோதியை. ஒருத்தன் கதவைத் திறந்து உள்ளே வருகிறான், வந்து மனைவியிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறான். அவ்வளவுதான் காட்சி. கீழே ஒரு செல்லோவை இழுத்துவிடுங்கள், அவன் சோற்றில் விஷம் வைக்கத்தான் கேட்கிறான் என்று ஆகிவிடும். நடிகன் ஒன்றும் செய்ய வேண்டாம். எத்தனை நல்ல மனுஷர்களை நான் இப்படித் திருடனாக்கியிருக்கிறேன். முப்பது வருஷம் இதையே செய்தால் கை நிற்குமா? வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் போடுகிறவன் வருகிறான், செல்லோ. தம்பி ஊரிலிருந்து பேசுகிறான், எப்படியிருக்கே என்கிறான், செல்லோ. என் பெண் ஒருநாள் சொன்னாள், அப்பா, நீங்க மனுஷங்களப் பாக்கறதில்ல, ரீ-ரெக்கார்டிங் பண்றீங்க. இருக்கட்டும். செல்லோ பொய் சொன்னதில்லை. தம்பி கடைசியில் வீட்டை விற்கத்தான் பேசினான். ஜெபசிங்குக்குக் கீழேயும் கொஞ்ச நாளாக ஒரு செல்லோ இழுத்துக்கொண்டிருக்கிறது, நான் வைக்கவில்லை, தானாக.

சாயர்புரத்திலிருந்து வந்து சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சேர்ந்தவன். ஒல்லி. எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பான், அண்ணே இந்த இடத்துல ஏன் நிறுத்துதீய, அண்ணே இது ஏன் மைனர் ஸ்கேல்ல போவுது. காதைப் பிய்த்துவிடுவான். இப்போது கேட்பதே இல்லை. கேள்வி கேட்காத உதவியாளனை நம்பக் கூடாது. ஒன்று அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துகொள்ள வேண்டியதை வேறு வழியில் எடுத்துக்கொள்கிறான். நான் கிளம்பிய பிறகும் ஸ்டூடியோவில் இருக்கிறான். என்னடா வேலை என்று கேட்டால் சுத்தம் பண்ணுதேன்ணே என்கிறான். எதைச் சுத்தம் பண்ணுகிறான்? நான் கம்ப்யூட்டரில் மூடி வைத்துவிட்டுப் போன கோப்பு மறுநாள் திறந்தால் கடைசியாகத் திருத்திய நேரம் வேறாக இருக்கிறது. போன படத்தில் கிணற்றுக் காட்சி, அந்தப் பெண் எட்டிப் பார்க்கும்போது வயலின் மாதிரியே ஒரு வயோலா மேலே ஏறும். திரையில் பார்க்கையில் எனக்குத் திக்கென்றது. நான் எப்போது இதை எழுதினேன்? எழுதியிருக்க வேண்டும், கை என் கைதான், முடிச்சும் என் முடிச்சு. ஆனால் இருட்டில் ஜெபசிங் திரையைப் பார்க்கவில்லை, என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையோ உருவிவிட்டான், அது எனக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் அதையேதான் நினைக்கிறேன். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறான். என்னுடைய மெட்டு எத்தனை அதற்குள் போயிருக்கும்? நான் முதலில் வேலை பார்த்த வரதன் மாஸ்டர் பாத்ரூம் போனால்கூட எழுதிய தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். நாங்கள் சிரிப்போம். மனுஷன் சரியாகத்தான் இருந்திருக்கிறார். தாளைக் கக்கத்தில் வைக்கலாம், போனை வைத்துக்கொண்டு இந்தக் குழாய்க்குள் வர முடியாது. விஞ்ஞானம் திருடனுக்குத்தான் ஒத்தாசை.

மூக்கு அரிக்கிறது. அரிக்கட்டும். டைரக்டர் மேகலா பன்னிரண்டு மணிக்குள் மெட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறாள். சின்னப் பெண், இரண்டாவது படம், என் பெண் வயதுதான் இருக்கும். என்னிடம் அவள் வந்ததே ஆச்சரியம், அவள் படத்தில் ஒரு பிணம்கூடக் கிடையாது. கணவன் இறந்த ஒருத்தி, நாற்பத்தைந்து வயது, பிறந்ததிலிருந்து தனியாக எங்கேயும் போகாதவள், ஒருநாள் டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போகிறாள். வேலை ஒன்றும் இல்லை. சும்மா போகிறாள். போகப் போக முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. அவ்வளவுதான், படத்தின் உயிரே அதுதான் என்கிறாள் மேகலா. சந்தோஷம் சார், ஆனா பொங்கற சந்தோஷம் இல்ல, யாருக்கும் தெரியாம வெச்சிருக்கற சந்தோஷம். மூன்று மாதமாக அந்தப் பஸ்ஸில் நானும் போகிறேன். நான் எதை வைத்தாலும் அந்தப் பஸ் அடுத்த வளைவில் கவிழப் போகிற மாதிரி இருக்கிறது. புல்லாங்குழல் வைத்தேன், பின் சீட்டில் யாரோ கத்தியோடு இருக்கிறான். பியானோ மட்டும் வைத்தேன், கண்டக்டர் யோக்கியன் இல்லை என்று தோன்றுகிறது. அந்த அம்மாள் சிரிக்கிறாள், இவள்தான் கணவனைக் கொன்றிருப்பாள் என்று எனக்கே படுகிறது. இன்றைக்கு மத்தியானம் தயாரிப்பாளருக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் ஏற்கெனவே வேறு ஒரு பையன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மெட்டு இல்லை என்றால் படம் இல்லை, படம் இல்லை என்றால் பரஞ்சோதிக்கு வயதாகிவிட்டது என்று ஊர் பேசும், பிறகு பேய்கூடக் கூப்பிடாது. அதனால்தான் போன வாரம் அவள் கேட்டபோது சொன்னேன், தயாரா இருக்கும்மா, போன்லயே இருக்கு, கொஞ்சம் மெருகு ஏத்திட்டு அனுப்பறேன்.

போனில் இல்லை. இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, சொல்லித் தொலைக்கிறேன். போனில் ஒரு மண்ணும் இல்லை. பதிவுகள் இருக்கின்றன, வரிசையாக. திறந்து கேட்டால் மின்விசிறி ஓடுகிற சத்தம், நான் கனைக்கிறேன், ம், என்கிறேன், மறுபடி மின்விசிறி, ச்சே என்கிறேன், முடிந்தது. மூன்று மாதமாக இதுதான். அப்படியானால் ஜெபசிங் எதைத் திருடுவான்? திருட ஒன்றும் இல்லை என்பதை எடுப்பான். அதுதான் என் பயம், இப்போதுதான் புரிகிறது. மெட்டைத் திருடினால் நான் கத்தலாம், சங்கத்தில் போய்ப் புகார் கொடுக்கலாம், திருடுகிற அளவுக்கு என்னிடம் சரக்கு இருந்தது என்றாவது ஆகும். காலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவனை என்ன செய்ய முடியும்? வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கனைப்பாகக் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்டுவிட்டு மேகலாவைக் கூப்பிடுவான். மேடம், அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, ஸ்கேன்ல இருக்காவ, அவியட்ட ஒண்ணும் இல்ல. பிறகு கொஞ்சம் நிறுத்துவான். அந்த நிறுத்தத்தை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கே நிறுத்தினால் ஆள் தானாகக் கேட்பான் என்று. அவள் கேட்பாள், உங்ககிட்ட ஏதாவது இருக்கா?

பந்தை அமுக்கிவிட்டேன். சத்தம் நின்றது. ஹெட்போனில் நஸ்ரின் பதறிக்கொண்டு வந்தாள். "என்ன சார், மூச்சு முட்டுதா?" இல்லையம்மா என்றேன். "வெளிய என்கூட வந்தவரு இருக்காரா?" கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருப்பாள். "இருக்காரு சார். போன்ல பேசிட்டிருக்காரு." எந்தப் போனில்? "தெரியல சார். கறுப்பு." என்னுடையதும் கறுப்பு, அவனுடையதும் கறுப்பு. சிரித்துக்கொண்டு பேசுகிறானா, சாதாரணமாகப் பேசுகிறானா என்று கேட்டேன். "சார், ப்ளீஸ், ஆடிட்டீங்க, இந்தப் படத்த மறுபடி மொதல்லேருந்து எடுக்கணும். பாட்டு வேணா போடட்டுமா? நீங்க மியூசிக் டைரக்டர்னு அவரு சொன்னாரு, உங்க பாட்டாவே தேடிப் போடறேன்." வேண்டாம் தாயே என்றேன். மறுபடி ஆணி.

யோசிக்கலாம். இங்கேயே ஒன்று போட்டுவிட்டால் என்ன? வெளியே போனதும் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அவன் எதிரிலேயே பாடிப் பதிவு செய்து, அவன் எதிரிலேயே அனுப்பிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? தாளம் இலவசமாகக் கிடைக்கிறது, டக டக டக, பஸ்ஸுக்குப் பொருத்தம்தான். அதற்கு மேல் மெதுவாக, அவள் ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறாள், பா. ஒரு பா. பிறகு கீழே வராமல் ஒரு தா. அட. பா தா நீ, திரும்பி பா. நன்றாக இருக்கிறதே. யாரும் கவிழவில்லை, யாரிடமும் கத்தி இல்லை. அவள் சிரிக்கிறாள், சும்மா சிரிக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்க முடியாது, காதுப் பக்கமாக வழிகிறது. வந்துவிட்டது, மூன்று மாதமாக வராதது இந்தச் சனியன் பிடித்த குழாய்க்குள் வந்துவிட்டது. மறக்கக் கூடாது. பா தா நீ பா. மறுபடி. பா தா நீ பா, மா கா ரீ. பால் சுரக்க… பால் சுரக்கப் பால் சுரக்க… இருங்கள். பால் சுரக்கப் பால் சுரக்க, பசு சிரிக்கும் கொட்டகையில். மாட்டுத் தீவன விளம்பரம். கல்யாணமான புதிதில் நான் போட்டது. வானொலியில் காலையில் ஓடும், மூட்டையோடு ஒரு டம்ளர் இலவசம். கண்ணில் வந்த தண்ணீர் இன்னும் காதுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அதற்குத் தெரியாது. நான் அழுதது மாட்டுக்காக. அசையக் கூடாது என்பதால் சிரிக்கவும் முடியவில்லை.

பலகை வெளியே வந்தபோது கண் கூசியது. நஸ்ரின் கையைப் பிடித்து உட்காரவைத்து, கழுத்து எலும்பை டாக்டர் பார்த்துச் சொல்வார், ரிப்போர்ட் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். கதவைத் திறந்தேன். ஜெபசிங் எழுந்து நின்றான். மடியில் லேப்டாப் இருந்திருக்க வேண்டும், மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். என் பெல்ட்டைச் சுருட்டி அந்தக் கையிலேயே வைத்திருந்தான். இன்னொரு கையில் என் போன்.

"மேகலா மேடம் ரெண்டு தடவ கூப்பிட்டாவண்ணே. தயாரிப்பாளர் வந்துட்டாராம். அதான் அனுப்பிட்டேன்."

"எதைடா அனுப்பினே?"

"பஸ் மெட்டத்தான். உங்க போன்ல இருந்தத வச்சு வாசிச்சு வச்சிருந்தேன்லா."

என் காதில் ஒரு பக்கத்து ஹெட்போனை மாட்டினான். ஒரு பியானோ, பிறகு கிளாரினெட். அடியில் எதுவும் இல்லை, செல்லோ இல்லை, ஒன்றுமே இல்லை, காலியாக விட்டிருக்கிறான், அந்தக் காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மெட்டு திரும்புகிற இடத்தில் நான் திரும்புகிற மாதிரியே திரும்புகிறது. நான் நிறுத்துகிற இடத்தில் நிற்கிறது. இன்னும் ஒரு வருஷம் போய்க் கேட்டால் நான் போட்டது என்று நானே சத்தியம் செய்வேன். நன்றாக இருந்தது. பொறாமைப்படும்படி நன்றாக இருந்தது.

"போன்ல ஒண்ணும் இல்லையேடா," என்றேன்.

"இருந்துச்சுண்ணே," என்றான், கண்ணைப் பார்க்காமல்.

அப்போதுதான் கிணற்றுக் காட்சி, மாறியிருந்த நேரங்கள், சுத்தம் பண்ணுதேன்ணே எல்லாம் தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்தன. என்னிடமிருந்து எதையும் உருவவில்லை, தன்னுடைய மெட்டை என் பேரில் வைத்திருக்கிறான். எத்தனை நாளாக? எந்தெந்தப் படத்தில்? மேடையில் எனக்கு மாலை போட்டார்களே, அது யார் போட்ட இசைக்கு? "எத்தனை இடத்துலடா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரிந்தது. "வண்டிய வாசலுக்கு வரச் சொல்லட்டாண்ணே?" என்றான். அதற்குள் போன் அடித்தது. மேகலா. அவனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினான்.

"சார்! தயாரிப்பாளர் எழுந்து வெளிய போயிட்டார் சார், எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. பாத்தா வராந்தால நின்னு அழுதுட்டிருக்காரு. அவங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சாம். வேற யார் பேரையும் இனி பேச மாட்டேன்னுட்டாரு. எப்படி சார் போட்டீங்க?"

ஜெபசிங் சுவரில் இருந்த ஸ்கேன் கட்டணப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அது நான் போட்டது இல்லம்மா," என்றேன்.

சொல்லிவிட்டேன். நிஜமாகவே சொல்லிவிட்டேன். மேகலா கலகலவென்று சிரித்தாள். "தெரியும் சார், இதத்தான் சொல்லுவீங்கன்னு! மேல இருக்கறவன் போட்டது, அதானே? பெரியவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க." ஆமாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். இந்த ஊரில் மாலை வாங்கிய எந்த இசையமைப்பாளனும் மேடையில் விரலை மேலே காட்டி நான் எங்கே போட்டேன் என்று சொல்லாமல் இறங்கியதில்லை, நானும் எல்லா மேடையிலும் சொல்லியிருக்கிறேன், கைத்தட்டும் வாங்கியிருக்கிறேன். இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. ஜெபசிங் போட்டது. இவ்வளவுதான். ஜெபசிங் இப்போது பலகையைப் படிக்கவில்லை. அவள் சிரிப்பாள் என்று தெரிந்துதான் நான் போட்டது இல்லை என்று ஆரம்பித்தேனா? பெயரை முதலில் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? என்னை நானே நம்ப முடியவில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. ரெண்டாவது வரியில ஒரு சின்ன மாத்தம் பண்ணணும். சாயங்காலம் அனுப்பறேன்."

"உங்களுக்குத் தெரியாததா சார்," என்று வைத்துவிட்டாள்.

ஜெபசிங் போனை என் சட்டைப் பையில் போட்டான். மோதிரத்தைக் கொடுத்தான், வாட்ச்சைக் கொடுத்தான். அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா, வருத்தமாவது இருக்கிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு, சேர்ந்த புதிதில் கேட்பானே, அதே ஆவலோடு என் முகத்தைப் பார்த்தான்.

"ரெண்டாவது வரில என்னண்ணே மாத்தணும்?"

உண்மையாகவே கேட்டான். நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். இரண்டாவது வரி எப்படிப் போகும் என்று எனக்கு ஞாபகம் இல்லை.